மின்மைத் திரையின் அளவும் தமிழ் வரியின் அகலமும்

6 அங்குலத் திரை கொண்ட ஒரு மின்னூல் வாசிப்புக் கருவியையும் 6.13 அங்குலத் திரை கொண்ட இன்னொரு கருவியையும் அருகருகே வைத்து அளவுகோலால் அளந்து பார்த்தால், எண்ணளவில் பெரியதாகச் சொல்லப்படும் இரண்டாவது திரையின் பரப்பு முதலாவதைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவாக இருப்பது தெரியவரும். மின்கலம் ஆறு வாரம் நீடிக்கும் என்று விளம்பரப்படுத்தப்படும் கருவி, இடைவிடாமல் படித்தால் ஒரு முழு நாள்கூடத் தாங்காமல் போகலாம். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று குறிக்கப்பட்ட வண்ணத்திரையில் வண்ணங்கள் 150 புள்ளிகளின் கூர்மையிலேயே தெரிகின்றன. இவற்றில் எதுவும் பொய்யன்று. ஒவ்வோர் எண்ணும் முறையான ஓர் அளவீட்டிலிருந்து வந்ததே. அந்த அளவீடு எதைக் குறிக்கிறது என்பதற்கும் வாங்குபவர் அதிலிருந்து எதைப் புரிந்துகொள்கிறார் என்பதற்கும் இடையே உள்ள தூரமே குழப்பத்துக்குக் காரணம். திரைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் அந்தத் தூரம் குறைந்துவிடும். சட்டைப்பையிலோ கைப்பையிலோ அடங்கும் சிறிய கருவிகளுள் எது தமிழ் வாசிப்புக்குப் பொருந்தும் என்பதையும் அதன்பின் ஓரளவு நிதானமாகத் தீர்மானிக்க முடியும்.

மைக்குள் நகரும் துகள்கள்

கைபேசித் திரை ஒளியைத் தானே வெளியிடுகிறது. மின்மை எனப்படும் மின்னணு மையால் ஆன திரை ஒளி எதையும் வெளியிடுவதில்லை. அச்சிட்ட தாளைப் போன்றே தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. திரையின் மேற்பரப்புக்குக் கீழே, ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விட்டமுடைய எண்ணற்ற நுண்ணுறைகள் ஒரே அடுக்காகப் பரப்பப்பட்டுள்ளன. ஒவ்வொரு நுண்ணுறைக்குள்ளும் நிறமற்ற எண்ணெய் போன்ற ஒரு திரவமும், அதில் மிதக்கும் இரண்டு வகைத் துகள்களும் உள்ளன. சுவர்ப் பூச்சுகளுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடால் ஆனவை ஒரு வகை. கருமை நிறமி கொண்டவை மற்றொரு வகை. இவ்விரு வகைத் துகள்களுக்கும் எதிரெதிர் மின்னூட்டம் தரப்பட்டிருப்பதால், அடுக்குக்குக் கீழேயுள்ள மின்முனையில் 15 வோல்ட் அளவிலான மின்னழுத்தம் ஒரு திசையில் செலுத்தப்படும்போது வெண்துகள்கள் மேலே வந்து கருந்துகள்கள் கீழே இறங்குகின்றன. மின்னழுத்தத்தின் திசை மாறினால் இடமும் மாறுகிறது. திரவத்தில் உள்ள மின்னூட்டத் துகள்கள் மின்புலத்தால் இழுக்கப்பட்டு நகரும் இந்நிகழ்வு மின்முனைக் கவர்ச்சி எனப்படுகிறது. புரதங்களையும் மரபணுத் துண்டுகளையும் பிரித்தறிய உயிரியல் ஆய்வகங்கள் பயன்படுத்துவதும் இதே நிகழ்வைத்தான்.

துகள்களை மின்புலத்தால் நகர்த்திப் படம் காட்டும் முயற்சி 1970-களிலேயே ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனத்தில் நடந்தது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுவதும் அம்முயற்சிகளைப் பயன்பாட்டுக்கு வரவிடாமல் தடுத்தன. அதே காலத்தில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் நிக்கோலஸ் ஷெரிடன், பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான நுண்ணுருண்டைகளைச் சுழலவைத்து எழுத்தை உருவாக்கும் வேறொரு வழியைக் கண்டறிந்தார். துகள்களைச் சிறுசிறு உறைகளுக்குள் அடைத்துவிட்டால் அவை ஓர் உறையின் எல்லையைத் தாண்டி ஒதுங்க முடியாது என்ற எளிய தீர்வை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகத்தில் ஜோசப் ஜேக்கப்சனும் அவருடைய மாணவர்களான பாரெட் காமிஸ்கி, ஜே. டி. ஆல்பர்ட் ஆகியோரும் செயல்படுத்திக் காட்டினர். அதை விவரிக்கும் கட்டுரை 1998-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. 1997-இல் தொடங்கப்பட்டிருந்த இ-இங்க் நிறுவனம் அதை வணிகப்பொருளாக்கியது. 2004-இல் ஜப்பானில் சோனியின் லிப்ரியே, 2007 நவம்பரில் அமெரிக்காவில் அமேசானின் கிண்டில் என்று கருவிகள் வரத் தொடங்கின. 2009-இல் இ-இங்க் நிறுவனத்தைத் தைவானின் பிரைம் வியூ நிறுவனம் வாங்கிக்கொண்டது.

வாங்குபவர் இவ்வரலாற்றிலிருந்து அறிய வேண்டிய முதன்மையான செய்தி, இன்று சந்தையில் வெவ்வேறு பெயர்களில் விற்கப்படும் வாசிப்புக் கருவிகளில் மிகப் பெரும்பாலானவற்றின் மைப்படலம் இ-இங்க் என்ற ஒரே நிறுவனத்திடமிருந்து வருகிறது என்பதாகும். ஆகவே ஒரே தலைமுறைத் திரை கொண்ட இரு கருவிகளுக்கிடையே மையின் தரத்தில் பெரிய வேறுபாட்டைத் தேடுவது வீண். வேறுபாடு திரையின் வடிவத்திலும், அதன்மேல் பொருத்தப்பட்ட விளக்கிலும், எழுத்தை வரைந்து காட்டும் மென்பொருளிலும்தான் இருக்கிறது.

இந்த விளக்கம் வெறும் கருத்தளவிலானதன்று, கண்ணால் காணக்கூடியது. பள்ளி ஆய்வகத்தில் உள்ள சாதாரண நுண்ணோக்கியின் கீழ் ஒரு மின்மைத் திரையை வைத்து மேலிருந்து வெளிச்சம் பாய்ச்சினால், எழுத்துகளின் ஓரம் நேர்கோடாக இல்லாமல் சற்றே நெளிந்து தெரியும். கீழேயுள்ள மின்முனைகள் சதுரச் சதுரமாக வரிசையில் அமைந்திருக்க, மேலேயுள்ள நுண்ணுறைகள் ஒழுங்கின்றி நெருங்கிக் கிடப்பதே அதற்குக் காரணம். இரண்டு மின்முனைகளுக்கு நடுவே விழுந்த ஓர் உறையின் ஒரு பாதி கறுப்பாகவும் மறுபாதி வெள்ளையாகவும் நிற்பதைக்கூடக் காணலாம்.

வாரக் கணக்கும் மணிக் கணக்கும்

மின்னழுத்தம் நீங்கிய பின்னும் துகள்கள் இருந்த இடத்திலேயே நிற்பது மின்மையின் தனிச்சிறப்பு. திரவத்தில் கலந்துள்ள பலபடிச் சேர்மம் துகள்களைத் தளர்வாகப் பிணைத்துவைப்பதால், அடுத்த மின்துடிப்பு வரும்வரை அவை மேலேயோ கீழேயோ அப்படியே தங்கிவிடுகின்றன. வெண்மை, கருமை ஆகிய இரண்டு நிலைகளிலும் மின்சாரமின்றி நிலைத்திருக்கும் இப்பண்பு இருநிலைத் தன்மை எனப்படுகிறது. பக்கம் மாறும் அரை விநாடிக்கு மட்டுமே திரைக்கு மின்சாரம் தேவை. அந்தப் பக்கத்தை ஒரு நிமிடம் படித்தாலும் ஒரு மணி நேரம் படித்தாலும் திரையின் செலவு ஒன்றே. மின்கலம் முற்றிலும் தீர்ந்துபோன கருவியின் திரையில் கடைசிப் படம் பல நாள்களாக அழியாமல் நிற்பது இதற்குப் போதிய சான்று.

ஆயினும் திரை சிக்கனமானது என்பதாலேயே கருவியும் சிக்கனமானது என்று முடிவுசெய்துவிட இயலாது. விளக்கு எரியும் நேரமெல்லாம் மின்சாரம் செலவாகிறது. வைஃபை இணைப்பும், பின்னணியில் ஓடும் செயலிகளும் அவ்வாறே. அமேசான் தன் அடிப்படைக் கிண்டிலுக்குச் சொல்லும் ஆறு வாரம் என்ற கணக்கு, நாளொன்றுக்கு அரை மணி நேர வாசிப்பு, வைஃபை அணைந்த நிலை, விளக்கு ஏறக்குறைய பாதி வெளிச்சம் ஆகிய நிபந்தனைகளின் மேல் நிற்கிறது. 42 நாள்களை அரை மணியால் பெருக்கினால் கிடைப்பது 21 மணி நேரம். 2024-இன் கிண்டில் பேப்பர்ஒயிட்டுக்குச் சொல்லப்படும் 12 வாரம் இதே கணக்கில் 42 மணி நேரமாகும். நாள்தோறும் இரண்டு மணி நேரம் படிப்பவருக்கு முதலாவது பத்து நாளைக்கும் இரண்டாவது மூன்று வாரத்துக்கும் வரும். வாரங்களில் சொல்லப்படும் எந்த எண்ணையும் அதன் அடிக்குறிப்பில் உள்ள நாள்வாசிப்பு நேரத்தால் பெருக்கி மணிகளாக்கிய பிறகே இரு கருவிகளை ஒப்பிட வேண்டும். ஓனிக்ஸ் நிறுவனத்தின் பூக்ஸ் பால்மா போல ஆண்ட்ராய்டு இயங்குதளம் கொண்ட கருவிகளில் விரும்பிய செயலிகளை நிறுவிக்கொள்ளும் வசதி கிடைக்கிறது. அதற்கான விலையில் ஒரு பகுதி மின்கலத்திலிருந்தே வசூலிக்கப்படுகிறது.

நிழல்தடம் ஏன் விழுகிறது?

கறுப்பும் வெள்ளையும் மட்டுமன்றி இடைப்பட்ட சாம்பல் நிறங்களையும் மின்மைத் திரை காட்டுகிறது. 2007-இன் முதல் கிண்டில் நான்கு சாம்பல் படிகளைக் காட்டியது. இன்றைய திரைகள் 16 படிகளைக் காட்டுகின்றன. துகள்களை முழுவதும் மேலேற்றாமல் பாதிவழியில் நிறுத்தினால் சாம்பல் நிறம் கிடைக்கும் என்றாலும், எவ்வளவு நேரம் எந்தத் திசையில் தள்ளினால் துகள் எங்கே நிற்கும் என்பது அது ஏற்கெனவே எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தது. அதனால் ஒவ்வொரு நிறமாற்றத்துக்கும் செலுத்த வேண்டிய மின்துடிப்புகளின் வரிசை முன்கூட்டியே அளந்து கருவியின் நினைவகத்தில் பதியப்பட்டுள்ளது. அலைவடிவம் எனப்படும் இந்த வரிசை சற்றுப் பிசகினாலும் முந்தைய பக்கத்தின் எழுத்து மங்கலாகப் பின்னால் தெரியும். சிலேட்டில் எழுதியதை உலர்ந்த துணியால் துடைத்தால் வெண்ணிறத் தடம் மிஞ்சுவதும் ஈரத்துணியால் அழுந்தத் துடைத்தால்தான் பலகை முழுக் கறுப்பாவதும் போல, சில பக்கங்களுக்கு ஒருமுறை திரை முழுவதையும் கறுப்புக்கும் வெள்ளைக்கும் புரட்டி எடுத்தால்தான் இந்த நிழல்தடம் நீங்குகிறது. அவ்வப்போது திரை ஒருமுறை மின்னுவது பழுதின் அறிகுறியன்று, அந்தத் துடைப்பே ஆகும்.

இதே காரணத்தால் வேகமும் தெளிவும் ஒன்றுக்கொன்று எதிரானவையாக அமைகின்றன. சாம்பல் படிகளைக் கைவிட்டு வெறும் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் பக்கம் விரைவாக மாறும், ஆனால் தடம் மிகுதியாகத் தங்கும். இணையப் பக்கங்களை மேலும் கீழும் நகர்த்திப் படிக்க உதவுவதாகச் சொல்லப்படும் வேகமுறைகள் எல்லாம் இந்தப் பேரத்தின் வெவ்வேறு வடிவங்களே. எவருக்கு நாவல் படிப்பது மட்டும் நோக்கமோ அவர் வேகத்துக்குக் கூடுதல் பணம் தரத் தேவையில்லை.

திரவத்தின் பாகுநிலை வெப்பநிலையோடு மாறுவதால் அலைவடிவங்களும் வெப்பநிலைக்கேற்பத் தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளன. குளிரில் திரவம் தடித்துப் பக்கம் மெதுவாக மாறுகிறது. கிண்டில் கருவிகளுக்கு இயங்கும் எல்லையாகக் குறிக்கப்படுவது 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை என்பதை, சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் ஊர்களில் வாழ்வோர் நினைவில் கொள்வது நல்லது. வெயிலில் நிறுத்திய காருக்குள் கருவியை விட்டுச்செல்வது திரைக்கும் மின்கலத்துக்கும் கேடு.

மூலைவிட்டம் மறைப்பது

தொடக்கத்தில் சொன்ன திரை அளவுப் புதிருக்கு விடை மூலைவிட்டத்தில் உள்ளது. திரையின் அளவு ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரையுள்ள நீளத்தால் குறிக்கப்படுகிறது. ஒரே மூலைவிட்டம் உடைய செவ்வகங்களுள் சதுரத்தை நெருங்குவது மிகுந்த பரப்பையும், நெடிதாக ஒடுங்கியது குறைந்த பரப்பையும் பெறும் என்பது பள்ளி வடிவியல். படப்புள்ளிகளின் எண்ணிக்கையை அங்குலத்துக்கான புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் உண்மையான நீள அகலங்கள் கிடைத்துவிடும். அடிப்படைக் கிண்டில், கோபோ கிளாரா ஆகியவற்றின் 6 அங்குலத் திரை 1072-க்கு 1448 புள்ளிகள் கொண்டது. அதாவது அகலம் 91 மில்லிமீட்டர், உயரம் 123 மில்லிமீட்டர். கைபேசி வடிவிலான பூக்ஸ் பால்மாவின் 6.13 அங்குலத் திரை 824-க்கு 1648 புள்ளிகள். அகலம் 70, உயரம் 140 மில்லிமீட்டர். 7 அங்குலத் திரைகள் 1264-க்கு 1680 புள்ளிகளுடன் 107 மில்லிமீட்டர் அகலம் பெறுகின்றன. கைபேசியின் முதுகில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்ட எக்ஸ்டீங்க் எக்ஸ்4 என்ற மிகச் சிறிய கருவியின் 4.3 அங்குலத் திரையோ 480-க்கு 800 புள்ளிகளுடன் 55 மில்லிமீட்டர் அகலமே உடையது.

தமிழ் வாசகருக்கு இந்த அகலமே எல்லாவற்றிலும் முதன்மையான எண். தமிழ்ச் சொற்கள் ஒட்டுகளை ஏற்று நீளும் இயல்புடையவை. 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும்' என்ற சொல்லில் மெய்யெழுத்துகளையும் சேர்த்து 18 எழுத்துகள் உள்ளன. வசதியாகப் படிக்கத்தக்க அளவில் ஓர் எழுத்து சராசரியாக 3 மில்லிமீட்டர் இடம் கொள்கிறது என்று வைத்துக்கொண்டால், இந்த ஒரு சொல்லுக்கு 54 மில்லிமீட்டர் தேவை. 55 மில்லிமீட்டர் திரையில் ஓரத்து வெற்றிடம் போக மீதியுள்ள இடத்தில் அது ஒரே வரியில் அடங்காது. சொல்லை உடைக்க வேண்டும், அல்லது எழுத்தைச் சிறிதாக்க வேண்டும். 70 மில்லிமீட்டர் அகலத்தில் வரிக்கு இரண்டு மூன்று சொற்களும், 91 மில்லிமீட்டரில் மூன்று நான்கு சொற்களும் அமையும். வரியின் இருபுறமும் ஒழுங்காக நிற்கும்படி மென்பொருள் சொற்களை இழுத்து நிரப்பும்போது, குறுகிய திரையில் சொற்களுக்கிடையே பெரும் இடைவெளிகள் விழுந்து கண்ணை உறுத்துகின்றன. வலப்புற ஓரத்தை ஒழுங்கற்றதாக விட்டுவிடும் வசதி ஒரு கருவியில் உள்ளதா என்று பார்ப்பது, குறுகிய திரையை விரும்புவோர்க்கு மிகவும் தேவையானது.

கூர்மையும் இதே கணக்கைச் சேர்ந்ததே. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் உள்ள திரையில் ஒரு படப்புள்ளியின் அகலம் 0.085 மில்லிமீட்டர்; 167 புள்ளிகள் இருந்த பழைய திரைகளில் அது 0.15 மில்லிமீட்டர். மெய்யெழுத்தின் தலைமேல் வரும் புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமுடையது என்றால், முன்னதில் ஆறு படப்புள்ளிகள் குறுக்கே நின்று வட்டத்தை வட்டமாகவே காட்டும். பின்னதில் மூன்றே நிற்பதால் அது முனை மழுங்கிய சதுரமாகிவிடும். புள்ளியைத் தவிர வேறு வேற்றுமையற்ற 'க', 'க்' போன்ற இணைகள் நிறைந்த தமிழுக்கு இது அழகு சார்ந்த சிக்கல் மட்டுமன்று. எனவே 300 புள்ளிகளைக் குறைந்த அளவுத் தகுதியாகவே கொள்ளலாம். மேற்சொன்ன 4.3 அங்குலக் கருவியின் 220 புள்ளிகள் 167-க்கும் 300-க்கும் இடையில் நிற்கின்றன.

எழுத்தை வரையும் மென்பொருள்

மை நன்றாக இருந்தும், திரை கூர்மையாக இருந்தும், தமிழ் சிதைந்து தெரிய இடமுண்டு. யூனிகோட் முறையில் 'கெ' என்ற எழுத்து முதலில் 'க' என்றும், பின்னர் ஒற்றைக்கொம்பு என்றும் சேமிக்கப்படுகிறது. ஆனால் திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ' என்ற எழுத்தில் ஒரே குறியீடு இரண்டாகப் பிரிந்து, கொம்பு இடப்புறமும் கால் வலப்புறமும் நிற்க வேண்டும். 'கு', 'டு', 'மு', 'யு' போன்றவை ஒவ்வொன்றும் தனி வடிவம் பெற வேண்டும். சேமித்த வரிசையைச் சரியான வடிவமாக மாற்றும் இப்பணியை எழுத்துக்கோப்பு நிரல் என்ற தனி மென்பொருள் செய்கிறது. கைபேசியிலும் கணினியிலும் அது இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. மிகக் குறைந்த ஆற்றலுடைய சில்லில் இயங்கும் மிகச் சிறிய கருவிகளிலோ ஆங்கிலம் போன்ற எளிய எழுத்துவரிசையை மட்டும் கருதி எழுதப்பட்ட மென்பொருள் இருக்கக்கூடும். அப்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் தோன்றும். சொற்களை உடைக்கும் இடத்திலும் இதே குறை வெளிப்படும்: மெய்யின் புள்ளியோ உயிர்க்குறியோ தன் எழுத்திலிருந்து பிரிந்து அடுத்த வரிக்குத் தாவிவிடும்.

கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் 2016 டிசம்பரிலிருந்து கிடைப்பதால் அக்கருவியில் தமிழ் வடிவம் சீராகவே அமைகிறது. கிண்டிலிலும் கோபோவிலும் பயனர் தமக்குப் பிடித்த எழுத்துருவைத் தாமே சேர்த்துக்கொள்ளவும் வழியுண்டு. வேறெந்தக் கருவியானாலும், 'கொடுத்தான்', 'பௌர்ணமி', 'ஸ்ரீரங்கம்', 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும்' ஆகிய சொற்கள் கொண்ட ஒரு சிறிய இபப் கோப்பைத் திறந்து பார்க்கும் சோதனை, நீண்ட விவரப்பட்டியலைவிட அதிகம் சொல்லிவிடும்.

கோப்பின் வகையும் இங்கே கணக்கில் வருகிறது. இபப் வகைக் கோப்பில் எழுத்து திரைக்கேற்ப மறுபடி வரியமைக்கப்படுகிறது. பிடிஎஃப் கோப்பிலோ பக்கம் ஒரு படத்தைப் போல உறைந்து நிற்கிறது. டெமி அளவுப் புத்தகத்தின் 140 மில்லிமீட்டர் அகலப் பக்கத்தை 91 மில்லிமீட்டர் திரைக்குள் பொருத்தினால் எழுத்து மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். 210 மில்லிமீட்டர் அகலமுள்ள ஏ4 பக்கத்தைப் பொருத்தினால் 12 புள்ளி எழுத்து 5 புள்ளியாகிவிடும். இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஒளிவருடிச் சேமிக்கும் 'நூலகம்' போன்ற தளங்களின் ஆவணங்களைப் படிக்க விரும்புவோர்க்குக் கையடக்கக் கருவி எதுவும் நிறைவு தராது. அவர்களுக்கு 10 அங்குலத் திரையே பொருத்தம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தொகுப்பின் நூல்கள் யூனிகோட் வடிவிலும் கிடைப்பதால் அவற்றை மறுவரியமைக்கலாம். ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளம் தன் நூல்களை இபப்பாகவும், 6 அங்குலத் திரைக்கென்றே வகுத்த பிடிஎஃப் ஆகவும் தருவது, இந்தச் சிக்கலை நன்கு உணர்ந்தவர்களின் தீர்வு.

ஒளி, வண்ணம், கண்

முழு வெயிலில் ஒரு பரப்பின்மேல் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் ஒளி விழுகிறது. அதில் 40 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் மின்மைத் திரை, 1,000 நிட் ஒளிர்வுள்ள கைபேசித் திரையைவிடப் பன்னிரண்டு மடங்கு பொலிவாகத் தெரியும். 300 லக்ஸ் அளவே வெளிச்சமுள்ள அறையிலோ அதே திரையின் ஒளிர்வு 40 நிட்டைக்கூட எட்டாது; தாள் வெளிறிய சாம்பலாகத் தோன்றும். எனவே இந்தக் கருவிகளில் முன்னொளி சேர்க்கப்பட்டது. திரையின் ஓரத்தில் உள்ள எல்இடி விளக்குகளின் ஒளி, மேலே ஒட்டப்பட்ட மெல்லிய ஒளிநடத்துப் படலத்துக்குள் பரவி, கீழ்நோக்கித் திருப்பப்பட்டு, மையில் பட்டுக் கண்ணுக்கு வருகிறது. வீட்டில் இரவில் படிப்பவருக்கு முன்னொளி இன்றியமையாதது, மேற்சொன்ன 4.3 அங்குலக் கருவியில் அது இல்லை.

எழுத்துக்கும் தாளுக்கும் உள்ள வேறுபாட்டை முரண் விகிதம் என்ற எண் குறிக்கிறது. 2010-இன் பேர்ல் என்ற இ-இங்க் திரையில் அது ஏறத்தாழ 10-க்கு 1, 2013-இன் கார்ட்டாவில் 15-க்கு 1. அதற்குப்பின் வந்த கார்ட்டா 1200, 1300 ஆகியவை இதன்மேல் படிப்படியான மேம்பாடுகளே. கலைடோ எனப்படும் வண்ணத்திரையோ அதே கறுப்பு வெள்ளை மையின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளை வைக்கிறது. வடிகட்டி ஒளியின் ஒரு பகுதியை விழுங்குவதால் தாள் மேலும் இருண்டு, விளக்கை எப்போதும் சற்றுக் கூட்டியே வைக்க நேர்கிறது. வண்ணத்தின் கூர்மை பாதியாவதும் ஒரு வண்ணப்புள்ளிக்குப் பல படப்புள்ளிகள் தேவைப்படுவதால்தான். சிறுவர் நூல்களும் சித்திரக்கதைகளும் படிப்பவருக்கு அது பயன்; கதையும் கட்டுரையும் படிப்பவருக்குச் சுமை.

மின்மை கண்ணுக்கு நல்லது என்ற கூற்றை ஆய்வுகள் முழுமையாக உறுதிசெய்யவில்லை. 2012-இல் வெளிவந்த ஒரு சுவிட்சர்லாந்து ஆய்வு, திரவப்படிகத் திரைக்கும் மின்மைக்கும் இடையே கண்சோர்வில் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. 2013-இல் 'பிளோஸ் ஒன்' இதழில் வந்த ஆய்வு, நீண்ட வாசிப்பில் திரவப்படிகத் திரை மின்மையையும் தாளையும்விட அதிகச் சோர்வு தருவதாகக் கண்டது. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 12 பேரே. இரவில் திரையில் படிப்பது தூக்கத்தைத் தள்ளிப்போடுகிறது என்று 2014 இறுதியில் வெளியான புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வு மின்மைக் கருவியைச் சோதிக்கவே இல்லை. அதில் பயன்பட்டது ஐபேட். மின்மைக் கருவியின் முன்னொளியிலும் நீலக்கூறு உண்டு என்பதையும், அதைக் குறைத்து மஞ்சளாக்கும் வசதி எல்லாக் கருவிகளிலும் இல்லை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். 2024-இன் அடிப்படைக் கிண்டிலில் இந்த வசதி இல்லை. அதே 6 அங்குலமும் அதே 300 புள்ளிகளும் அதே 16 ஜிபி சேமிப்பும் உடைய கோபோ கிளாரா பிடபிள்யூவில் உண்டு, தண்ணீரைத் தாங்கும் காப்பும் உண்டு. எடையில் முன்னது 158 கிராம், பின்னது 174 கிராம்.

சேமிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். யூனிகோட் கோப்பில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் கொண்டாலும், இபப் கோப்பு சுருக்கிக் கட்டப்படுவதால் படங்களற்ற நாவல் ஒன்று சில எம்பிகளைத் தாண்டுவதில்லை. 16 ஜிபியில் ஒருவர் வாழ்நாளில் படிப்பதைவிட அதிகம் அடங்கும். கவலைப்பட வேண்டியது திரையின் அடித்தளத்தைப் பற்றி. பெரும்பாலான கருவிகளில் மின்முனைகள் மிக மெல்லிய கண்ணாடித் தகட்டின்மேல் அமைந்திருப்பதால், பின்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மேற்பரப்பில் கீறலே இல்லாமல் உள்ளே தகடு விரிசலுறும். உறை வாங்கும் செலவைக் கருவியின் விலையோடு சேர்த்தே கணக்கிடுவது முறை.

தீர்மானம்

மேற்கண்டவற்றைத் தொகுத்தால், தமிழ் நாவல்களும் கட்டுரைகளும் படிக்கக் கையடக்கக் கருவி தேடுவோர்க்கு 6 அல்லது 7 அங்குல, 300 புள்ளி, கறுப்பு வெள்ளைத் திரையே முதல் தேர்வு. இரவில் படிப்போர் மஞ்சளாக மாற்றக்கூடிய முன்னொளிக்கும், கடற்கரையிலும் மழையிலும் எடுத்துச்செல்வோர் நீர்க்காப்புக்கும் கூடுதல் பணம் தருவது தகும். கைபேசி வடிவக் கருவி, செயலிகள் வழியாகப் படிப்பவருக்கும் ஒரு கையால் பேருந்துக் கம்பியைப் பிடித்தபடி படிப்பவருக்கும் பொருந்தும். குறுகிய வரியையும் குறைந்த மின்கல ஆயுளையும் அவர் ஏற்க வேண்டும். 75 கிராம் அளவே எடையுள்ள 4 அங்குலக் கருவிகள் ஆங்கில நூல்களுக்குப் போதுமானவை. தமிழ்ச் சோதனைக் கோப்பைத் திறந்து பார்க்காமல் அவற்றைத் தமிழுக்கென்று வாங்கக் கூடாது. ஒளிவருடிய பழைய நூல்களே முதன்மை நோக்கமென்றால் கையடக்கம் என்ற நிபந்தனையையே கைவிட வேண்டும். எந்தக் கருவியானாலும் பெட்டியின்மேல் உள்ள அங்குலத்தை மில்லிமீட்டர் அகலமாகவும், வாரத்தை மணியாகவும் மாற்றி எழுதிக்கொண்ட பிறகே விலையைப் பார்ப்பது வாங்குபவருக்கு நலம்.